மைக்கைப் பறித்தவர்

பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றி வாய் நோகப் பேசி முடித்த பத்மநாதன், கேள்வி கேட்க எழுந்த சிவனேஸ்வரியின் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

லண்டன் நோர்பரி மண்டபத்தில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது.

அதுவரைக்கும் கூட்டம் நன்றாகத்தான் போனது. 'அமெரிக்க அரசியலமைப்பு: நாங்கள் படிக்க வேண்டியது' என்பது தலைப்பு. மண்டபம், வடை, வீடியோக்காரன் என்று எல்லாவற்றையும் பேரம் பேசிப் பிடித்தவர் சிவனேஸ்வரியின் புருஷன் யோகலிங்கம். பேச்சாளர் பத்மநாதன் ஊரில் சட்டத்தரணி, இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. சமஷ்டி என்றால் என்ன, மத்திக்கு எவ்வளவு அதிகாரம், மாநிலத்துக்கு எவ்வளவு என்று அழகாக விளக்கினார்.

"எங்கடை வீடும் சமஷ்டிதான்," என்று முன்வரிசையிலிருந்து யோகலிங்கம் குரல் கொடுத்தார். "அடுப்படி மனிசியின்ரை மாநிலம். மத்தி உள்ளை காலடி வைச்சால் யுத்தம்."

சனம் சிரித்தது. பக்கத்தில் இருந்த சிவனேஸ்வரி சிரிக்கவில்லை.

அவளுடைய தம்பி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில், தமிழர் எடுத்தே ஆக வேண்டிய பொலிஸ் பதிவு இல்லாமல் ஒளிந்திருந்தான். லண்டன் விசா வரும்வரை அவன் இருக்கிற இடம் வெளியே தெரியக் கூடாது. "பக்கத்து வீட்டைச் சோதிச்சுப் போட்டுப் போறாங்கள் அக்கா," என்று நேற்று போனில் சொல்லியிருந்தான். அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விசா விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவரும் இதே பத்மநாதன்தான். தம்பி ஒளிந்திருக்கிற இடம் உட்பட எல்லாம் தெரிந்தவர்.

"அங்கை நீதிபதியின்ரை உத்தரவு இல்லாமல் பொலிஸ் நினைச்சபடி ஒருத்தன்ரை வீட்டைச் சோதிக்க ஏலாது," என்று அவர் சொன்னபோது அவள் கண் நிறைந்தது. "ஒருத்தன்ரை வாயை அரசாங்கம் பொத்தவும் ஏலாது," என்றபோது மண்டபம் கைதட்டியது. கேள்வி நேரம் வந்ததும் முதலில் எழுந்தவள் அவள்தான்.

"ஐயா, உத்தரவு இல்லாமல் வீட்டுக்குள்ளை வாற பொலிசைப் பற்றிச் சொன்னியள். என்ரை தம்பி..."

அந்த இடத்தில்தான் மைக் பறிபோனது.

"இது பாடம் நடக்கிற இடம் பிள்ளை. வீட்டுக் கதை இஞ்சை வேண்டாம். இருங்கோ."

அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"அமெரிக்காவிலை வாய் திறக்கலாம். நோர்பரியிலைதான் ஏலாது போலை," என்றாள் பின்வரிசையில் மரியநாயகி ரீச்சர், எல்லோருக்கும் கேட்க.

கூட்டம் கலைந்ததும் யோகலிங்கம் தேத்தண்ணி மேசையடியில் பத்மநாதனை மறித்தார்.

"அண்ணை, பொம்பிளையின்ரை கையிலை இருக்கிறதைப் பறிக்கிறதுதான் நீங்கள் படிச்ச சட்டமோ? நான் கூப்பிட்டுத்தான் இவ்வளவு சனமும் வந்தது. இனி நீங்கள் வேறை மண்டபம் பாருங்கோ."

"கத்தாதையும் யோகலிங்கம். வீடியோக்காரன் இன்னும் உள்ளை நிக்கிறான்."

"நிக்கட்டும். உங்கடை சுதந்திரத்தை உலகம் பாக்கட்டும்."

"அவனைப் பிடிச்சது நீர்தானே?"

"பின்னை ஆர்?"

"எவ்வளவுக்கு?"

அந்தக் கோபத்திலும் யோகலிங்கத்துக்குப் பெருமை பொங்கியது. "ஒரு சதம் குடுக்கேல்லை. கசெற்றைக் கொப்பியடிச்சு விக்கிறது உன்ரை பாடு எண்டு சொல்லிப்போட்டன். பல்லை இளிச்சுக்கொண்டு வந்தவன்."

"எங்கை விப்பான்?"

"எங்கை எண்டால்? ஈலிங், எட்மண்டன், பாரிஸ், ரொறன்ரோ... தமிழ்ச்சனம் உள்ள இடமெல்லாம். அவன்ரை தமையனும்..."

யோகலிங்கம் வீடியோக்காரன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சிவனேஸ்வரி கையிலிருந்த கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"நான் தம்பி இருக்கிற இடத்தைச் சொல்லித்தான் கேக்க வெளிக்கிட்டனான்," என்றாள்.

பத்மநாதன் அவளைப் பார்க்கவில்லை. "தமையன் எங்கை இருக்கிறான், யோகலிங்கம்?"

யோகலிங்கத்தின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"வெள்ளவத்தையிலை. வீடியோக் கடை வைச்சிருக்கிறான்."