ஏகமனதாக

"போரில் சாகிறவன் வீட்டில் அடுப்பு எரியாது. போரை அறிவிக்கிறவன் வீட்டிலோ விருந்து ஓயாது!"

சகாயம்மாள் டீச்சர் மைக்கில் இதை வாசித்ததும் காரைக்குடி செக்காலைக் கல்யாண மண்டபமே கொதித்தது. ஆளுங்கட்சி மாவட்டச் செயலாளர் முத்துராமனால் தன் காதையே நம்ப முடியவில்லை. எதிரணி ஆள் வீட்டுப் பால்காய்ப்பில் டீச்சரைப் பார்த்ததாகப் போன வாரம் யாரோ சொன்னது இப்போது கச்சிதமாகப் பொருந்தியது.

அன்றைய செயற்குழுவில் ஒரே தீர்மானம்தான். எல்லையில் தொடங்கியிருக்கும் போரை வரவேற்பது, அதற்காக ஏற்றப்பட்ட வரியையும் விலைவாசியையும் பொதுமக்கள் மகிழ்ச்சியோடு தாங்கிக்கொள்ளக் கேட்டுக்கொள்வது. பத்து நிமிடத்தில் கையைத் தூக்கிவிட்டுப் பந்திக்கு உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தார் முத்துராமன். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் மகளிரணித் துணைத்தலைவியான டீச்சர், கைப்பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்துக்கொண்டு மேடையேறியிருந்தார். திருப்பத்தூரில் முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்தியவர். வாழ்த்துரை என்று நினைத்து முத்துராமனே மைக்கை இறக்கிக் கொடுத்தார்.

"ஏழையின் தட்டிலிருந்து சோற்றை எடுத்துப் பீரங்கிக்கா படையல் வைக்கிறாய்? கேட்கிறேன்! உன்னைத்தான் கேட்கிறேன்!"

பின்வரிசையில் ஒரு வட்டச் செயலாளர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். முத்துராமன் திரும்பி முறைத்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நிப்பாட்டுங்க டீச்சர்! நாடே எல்லையில நிக்கிது. நீங்க இங்குட்டு நின்னு துரோகம் பேசுறீகளே!" என்று கத்தினார் முத்துராமன்.

டீச்சர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நாடு எங்கண்ணே நிக்கிது? என் மகன் ஜெரால்டுதான் நிக்கிறான். ஒன்பது நாளா போன் இல்ல. இந்த மண்டபத்துல வேற யாரு வீட்டுப் பிள்ளை அங்குட்டு இருக்கு? கையைத் தூக்குங்க, பாப்போம்."

ஒரு கைகூட எழவில்லை. முத்துராமனின் மகன் கனடாவில் இருந்தான். போரை நிறுத்தக்கூடாது என்று தினமும் காலையில் அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் முழங்கிக்கொண்டிருந்தான்.

முத்துராமன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் கட்சித் தலைவர் காரைக்குடிக்கு வருகிறார். தன் மாவட்டத்தில் இப்படி ஒரு குரல் கேட்டதென்று அவர் காதுக்குப் போனால் பதவி தங்காது.

"இது உங்க பேச்சே இல்ல. யாரு எழுதிக் குடுத்தா?"

"நான் ஒரு வார்த்தையும் சொந்தமாச் சேக்கலண்ணே. இருந்ததை அப்படியே வாசிச்சேன்."

"கேட்டுக்கிட்டீகளா? அவுகளே ஒத்துக்கிட்டாக!" முத்துராமன் மேசையில் ஓங்கித் தட்டினார். கையோடு புதிய தீர்மானம் ஒன்றை அவரே சொல்லச் சொல்ல, அலுவலகச் செயலாளர் எழுதினார்.

'இந்த நச்சுக் கருத்துகளைக் கூட்டத்தில் வாசித்தவரும், இவற்றுக்குச் சொந்தக்காரரான தேசத்துரோகியும் கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறார்கள்.'

"ஆதரிக்கிறவுக கையைத் தூக்குங்க!"

நாற்பத்திரண்டு பேரும் தூக்கினார்கள். பின்வரிசைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

முத்துராமன் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தலைமைக் கழகத்துக்கும் எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். தலைமைக் கழகம் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு டிக்குகளும் நீலமாயின. அவருக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

டீச்சர் தாள்களை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். முத்துராமன் பேனாவைத் திறந்தபடியே குரல் கொடுத்தார்.

"போறதுக்கு முன்னால அந்தத் துரோகி பேரைச் சொல்லிட்டுப் போங்க டீச்சர். நாளைக்கே ஊர் பூரா போஸ்டர் அடிச்சு அவன் முகத்திரையைக் கிழிக்கிறேன்."

வாசலருகே நின்று டீச்சர் திரும்பினார்.

"நாம எதிர்க்கட்சியா இருந்தப்ப பேசுனாரேண்ணே, நம்ம தலைவரு!"