தொட்டில் பலகை

"இதுவும் போச்சு மெட்டில்டா. அஞ்சாவது."

தேவானந்தம் ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். கையில் பிளைவுட் பலகை. திராட்சைக் கொடியும் இரண்டு புறாக்களுமாக மூன்று வாரம் உட்கார்ந்து அறுத்தெடுத்த வேலைப்பாடு. இப்போது கொடி நடுவில் முறிந்து, ஒரு புறா தனியாகக் கழன்றிருந்தது.

மெட்டில்டா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து மெல்ல வந்தாள். எட்டாம் மாதம்.

"போகட்டும் விடுங்க. பிள்ளை பிறந்த பிறகு செஞ்சா ஆகாதா?"

"பிறந்த பிறகு என்னத்துக்கு? ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே நம்ம பிள்ளை நான் செஞ்ச தொட்டில்ல படுக்கணும். சட்டமெல்லாம் ஆசாரி முடிச்சுக் குடுத்தாச்சு. இந்தத் தலைமாட்டுப் பலகை ஒண்ணுதான் என் உயிரை வாங்குது."

தேவானந்தம் அவசரத்துக்கென்றே பிறந்தவன். தாய் வயிற்றிலேயே பத்து மாதம் பொறுக்காமல் எட்டில் வந்துவிட்டவன் என்று அவன் அம்மா சொல்லிச் சிரிப்பாள். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் நிற்பதற்கு முன்பே குதிப்பான். காபியை ஆற்றப் பொறுமையில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொள்வான். இப்படிப்பட்ட அவசரக் குடுக்கையை நம்பி, ஆபீஸ் சிநேகிதர் சுந்தரராமன், பலகையில் பூ வேலை அறுக்கிற தன்னுடைய ஃப்ரெட் வாளை இரவல் கொடுத்தார். அதன் பிளேடு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

மூர் மார்க்கெட்டில் கிடைத்த பழைய சஞ்சிகையிலிருந்து படத்தைக் கார்பன் பேப்பர் வைத்துப் பலகையில் இறக்கினான். முதல் பலகையை ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தான். மூன்று பிளேடு முறிந்து, கடைசியில் பலகையும் பிளந்தது. இரண்டாவது பலகை மெட்டில்டாவின் கண்ணெதிரே, வளைவில் திருப்பும்போது படக்கென்று போயிற்று.

"வாளை நீங்க தள்ளாதீங்கோ சார்," என்றார் சுந்தரராமன். "அது போற வேகத்துக்குப் போகட்டும். நீங்க சும்மா கூடப் போங்கோ."

மூன்றாவது முழுசாக முடிந்தது. வார்னிஷ் காய ஜன்னலில் வைத்துவிட்டு ஆபீஸ் போனான். திரும்பி வந்தால் கொடி முறிந்திருந்தது. நான்காவதும் அப்படியே. அறுக்கும் அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கிறோம், காய்ந்ததும் பிளந்துவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டான்.

அதற்கப்புறம்தான் ஆள் மாறினான். ஒரு மாலைக்கு ஓர் இலை, அவ்வளவுதான். உப்புத்தாளால் தேய்ப்பான், விரலால் தடவுவான், மறுபடி தேய்ப்பான். ரயில் நின்ற பிறகு இறங்கினான். காபியை ஆற்றிக் குடித்தான்.

"சண்டே ஸ்கூல்ல பசங்களுக்குப் பொறுமை பத்திப் பாடம் எடுக்கிறேன். உங்களையும் முன் பெஞ்சுல உக்கார வைக்கலாம்னு இருந்தேன். இனிமே நீங்களே பாடம் எடுப்பீங்க போல," என்று மெட்டில்டா கேலி செய்தாள்.

அப்படிச் செய்த ஐந்தாவதுதான் இப்போது அவன் கையில் இரண்டாகக் கிடந்தது.

பழைய தேவானந்தமாக இருந்தால் தெருவில் வீசியிருப்பான். இவன் நாற்காலியில் உட்கார்ந்து, கழன்ற புறாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்குக் கோபம்கூட வரலை மெட்டில்டா. பயமாத்தான் இருக்கு. ஒரு பலகையை உடைக்காம வச்சுக்கத் தெரியாத கை, பிள்ளையை எப்படித் தூக்கப் போகுது?"

மெட்டில்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "அடுப்புல பால் இருக்கு," என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ரயிலில் சுந்தரராமனுக்கு நம்பவே முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்காத்துக்கு வந்தப்போ நானே வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேனே. ஒரு கீறல்கூட இல்லையே சார்."

"உங்க கண்ணுக்குத் தப்பியிருக்கும் சார். என் கை அப்படி. இந்தத் தடவை இன்னும் மெதுவா அறுக்கிறேன்."

சொன்னபடியே ஆறாவதைத் தொடங்கினான். பாதிக் கொடி அறுத்திருந்தபோது, ஒரு வியாழக்கிழமை பகலில் மெட்டில்டாவுக்கு வலி எடுத்தது. வெள்ளிக்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னதும், அவன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்காற்படியிட்டு ஜெபம் பண்ணினான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே போய்க் குழந்தையை இரண்டு கையாலும் வாங்கினான். கை நடுங்கவே இல்லை.

"அப்பா உனக்குத் தொட்டிலை முடிக்கலை கண்ணு," என்றான் மெதுவாக. "அஞ்சு பலகையை அவசரப்பட்டு உடைச்சுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் அப்பாவைப் பொறுத்துக்க."

கட்டிலில் படுத்திருந்த மெட்டில்டா விசும்ப ஆரம்பித்தாள்.

"ஏன் அழறே? வலிக்குதா? நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"நீங்க உடைச்சது ரெண்டுதாங்க." அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "மத்த மூணும் நான் உடைச்சது. நீங்க உங்க கையைப் பழி சொன்னப்போ எனக்குத் தாங்கலை. ஆனா சகுனம் பார்க்கிறது பாவம்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவ, உங்ககிட்ட இதை எந்த வாயால சொல்லுவேன்? போன தடவை உங்க அக்கா அனுப்பின தொட்டில் ஆறாம் மாசமே வீட்டுக்கு வந்துடுச்சு. பிள்ளைதான் வரலை."