சட்டத்தில் இடமில்லை

திண்டிவனம் பஸ்ஸைச் சுங்கச் சாவடியில் நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.

புதுச்சேரி அப்போது இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. அங்கிருந்து வருகிற எவருடைய மடியையும் மூட்டையையும் சோதிக்காமல் விடமாட்டார்கள்.

பேராசிரியர் தாண்டவராயனுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். சாவடி அதிகாரி அப்பாதுரை, சென்னையில் அவரிடம் சட்டம் படித்தவன்.

"நீங்க நடத்துன பாடத்தைத்தான் சார் இங்க தெனம் பண்ணிக்கினு இருக்கிறேன்" என்று சோடாவை உடைத்து நீட்டினான்.

நாட்டுக்கு நாடு நடக்கும் வியாபாரத்தின் சட்டம்தான் அவருடைய பாடம். அதைப் பற்றிப் பேச ஜெனீவாவிலிருந்து அழைப்பு வந்திருந்தது. அடுத்த வாரம் பம்பாயில் கப்பல் ஏற வேண்டும்.

சோடாவை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பெண்கள் வரிசையில் அவருடைய அக்கா கோவிந்தம்மாள் நின்றிருந்தாள்.

காலையில் புதுச்சேரிக்கு அவர் கூடவே வந்தவள். அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வருவதற்குள் கடைத்தெருவுக்குப் போய்வந்திருந்தாள். பஸ் ஏறும்போது, "நான் பின்னால குந்திக்கிறேன், திரும்பிப் பாக்காத" என்றாள். ஏதோ வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரியாதவர் போல முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

தாயில்லாத அவரை, கூலிக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துப் படிக்கவைத்தவள் அவள்.

தட்டி மறைப்புக்குள் சோதனை போடும் பெண்பிள்ளை ஒரு துணியோடு வெளியே வந்தாள். சாம்பல் நிறத்தில் தடித்த கம்பளி. அக்கா அதைப் புடவைக்கு உள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாளாம்.

யாருக்கு என்று கேட்டதற்கு அக்கா குனிந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். தம்பி இருந்த பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

அப்பாதுரை இளகிய மனசுக்காரன். குனிந்து, "பாவம் சார், ஏழைப் பொம்பளை. கேசு போட்டா இன்னிக்கே விழுப்புரம் கொண்டுபோய் அடைச்சுடுவாங்க. தீர்வையை வாங்கிக்கினு விட்டுடட்டுமா? நீங்க சொன்னா சரி" என்றான்.

ஒரு வார்த்தை போதும். தலையை ஆட்டினாலே போதும்.

எதற்குச் சிபாரிசு என்று யாராவது கேட்டுவிட்டால்? ஜெனீவாவுக்குப் போகிறவரின் அக்கா கள்ளக்கடத்தல்காரி என்று பேப்பரில் வந்துவிட்டால்?

"மறைத்துக் கொண்டுவந்த சரக்கு. சட்டத்தில் அதற்கு இடமில்லை" என்றார். படித்தவனுக்குப் பயம் வந்தால் பேச்சு இன்னும் சுத்தமாகிவிடும்.

சொன்ன வாய் கூசியது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்பாதுரைக்கு முகம் வாடிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காகத் துணியை உதறி, அவர் தோள்மேல் போட்டுப் பிடித்தான்.

"நம்ம ஊரு வெயிலுக்கு எவன் சார் இதைப் போடுவான்? சீமைக்குப் போற உங்களுக்குத்தான் லாயக்கு."

அக்கா அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் துணி எட்டுகிறதா என்று பார்த்தாள்.