பிரிக்காத பொட்டலம்

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய பிறகுதான் முந்தானை முடிச்சு அவள் கையில் தட்டுப்பட்டது.

உள்ளே ஒரு வாழையிலைப் பொட்டலம். வெள்ளிக்கிழமை கோயிலில் பிரிக்காமல் விட்டது.

மகள் சந்தனாவுக்கு மூளையில் கட்டி. அறுத்து எடுக்கலாம், பேச்சு போனாலும் போகலாம். கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம், கட்டி வளர்ந்தாலும் வளரலாம். இரண்டையும் சொல்லிவிட்டு, பேசி முடிவெடுத்து வரச் சொன்னார் டாக்டர்.

அவளும் கணவன் லோகுவும் பேசவில்லை. முதலில் வாய் திறந்தவர் தலையில்தானே நாளைக்குப் பழி விடியும்?

கோயிலில் அம்மனிடம் பூவாக்குக் கேட்டார்கள். வெள்ளை அரளி என்றால் அறுவை. செவ்வரளி என்றால் கதிர்வீச்சு.

இரண்டு பொட்டலங்களையும் லோகுதான் கட்டினான். பூசாரி அம்மன் காலடியில் வைத்தார். எடுக்க ஒரு குழந்தை வேண்டும். அன்று கோயிலில் இருந்த குழந்தை சந்தனா மட்டும்தான்.

ஒரு பொட்டலத்தின் மடிப்பில் வெள்ளை இதழ் எட்டிப் பார்த்தது.

மகளின் முழங்கையைப் பிடித்து, லேசாக அந்தப் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான் செய்தாள்.

வெள்ளை வந்தது.

"ஆத்தா சொல்லிப்போட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் லோகு.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்தா எங்கே சொன்னாள்? பிள்ளைக்கு ஒன்று என்றால் அது என்னால்தான். என் ஒருத்தியால்தான்.

இப்போது பொட்டலத்தின் நாரை அவிழ்த்தாள். எடுக்காமல் விட்ட சிவப்பிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

வெள்ளை.

வாடியிருந்தது. ஆனாலும் வெள்ளைதான்.

தாழ்வாரத்துக் கோடியில் லோகு இரண்டு டீயைச் சிந்தாமல் ஏந்தி வந்துகொண்டிருந்தான். பாவி மனுஷன். இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, வாயே திறக்காமல்.

கோபம் வரும் என்றுதான் நினைத்தாள். கும்பிடத்தான் தோன்றியது.

பூவைப் பெஞ்சின் மேல் வைத்து, நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

அவன் பூவைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"அன்னிக்குப் புள்ள கையத் திருப்பிவிட்டது நானுங்க. வெள்ளைன்னு தெரிஞ்சுதான்" என்றாள்.

கதவு இன்னும் மூடியேதான் இருந்தது.

அவன் கையிலிருந்து ஒரு டீயை வாங்கிக்கொண்டாள். பசித்தது.