இறக்கைக்கு அடியில்

பிரபாவால் காலை அசைக்கவே முடியவில்லை. குட்டி விமானத்தின் இறக்கை அவள் நெஞ்சிலிருந்து கால்வரை சேற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்தால் மூச்சு விடலாம். கழுத்து கொஞ்சம் ஓய்ந்தாலும் கழனித் தண்ணீர் வாய்க்குள் புகுந்தது.

முதலில் ஓடிவந்தவர் பக்கத்துக் கழனிக்காரர் முனிரத்தினம். வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. களை எடுக்கும் பெண்கள் புடவைக்கு மேல் புருஷனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கழனியில் இறங்கும் ஊர் அது. சேறு அப்பிய சட்டைக் கையைப் பார்த்ததுமே மனுஷர் பதறிப் போனார்.

"ஐயையோ, களை எடுத்துக்கினு இருந்த பொண்ணு மேல வுயுந்துட்சே! எந்த ஊரும்மா நீ?"

"ராஜகுளம்... பீடி... பெட்ரோல்..."

அப்போதுதான் அவர் மூக்கிலும் அந்த வாசனை ஏறியது. பீடியைத் தண்ணீரில் போட்டு மிதித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். பேசுவதற்குப் பிரபாவிடம் இருந்த மூச்சு அத்துடன் தீர்ந்தது.

அதற்குள் ரோட்டில் பைக்கைப் போட்டுவிட்டு ஒரு கூட்டமே வந்து இறங்கியது. பாதிப் பேர் கையில் செல்போன். "நான் பாத்தேம்பா! மேல ஏறுன ஒடனே பக்கவாட்டுல ஒரு காத்து அடிச்சிது. காத்தாடி மாறி அப்டியே சாஞ்சிட்சி" என்று ஒருவர் கையை ஆட்டிக் காட்டினார்.

முனிரத்தினத்தின் மருமகன் வினோத்குமார் தொற்றி ஏறி, விமானத்துக்குள் எட்டிப் பார்த்தான். "மாமா, உள்ள யாரும் இல்ல! கதவு தொறந்து கீது. பெல்ட்டு கயண்டு தொங்குது!"

"அப்ப பைலட்டு?"

"எகிறிப் போய் அந்தாண்ட கீற ஏரியிலதான் வுயுந்திருப்பாரு!"

பிரபா பல்லைக் கடித்து மூச்சைச் சேர்த்தாள். "வேற... யாரும்... இல்ல..."

"ஒனக்கு இன்னாமா தெரியும்? நீ பாட்டுக்குக் குனிஞ்சிக்கினு இருந்திருப்ப" என்றார் முனிரத்தினம். "கொஞ்சம் பொறுத்துக்கோ. பைலட்ட தேடிட்டு வந்து ஒன்ன தூக்கிடறோம்."

மொத்தக் கூட்டமும் ஏரிக்கரையைப் பார்த்து ஓடியது. பைலட்டைக் காப்பாற்றினால் டிவியில் முகம் வரும். களை எடுப்பவளைக் காப்பாற்றினால் எந்த டிவிக்காரன் வரப்போகிறான்?

பிரபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் கை கொடுத்தால் இறக்கை நகர்ந்துவிடும். ஆனால் கத்துவதற்குக்கூட அவள் நெஞ்சில் இடமில்லை. கழுத்து நடுங்கத் தொடங்கியது. தண்ணீர் உதட்டைத் தாண்டியது.

அப்போது ஒரு கை அவள் பிடரிக்கு அடியில் நுழைந்து தலையைத் தூக்கியது. களை எடுக்கும் பெண்களைக் கூட்டிவரும் சுலோச்சனா, சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். சத்தம் கேட்டு வரப்புக்கு ஓடிய தன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்க ஆளுங்க அத்தினி பேரும் வரப்பு மேல கீறாங்க. நீ யாரு கூடம்மா களைக்கு வந்த?"

பிரபா இருமினாள், சேற்றைத் துப்பினாள். பிறகு சுலோச்சனாவின் காதோரம் ஏதோ முனகினாள்.

சுலோச்சனா வாயைப் பிளந்தபடி ஒரு கணம் அவளையே பார்த்தாள். அடுத்த கணம் ஏரிப் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"எல்லாரும் திரும்பி வாங்க! பிளேன ஓட்டுனதே இந்தப் பொண்ணுதான்!"