ஒன்பது பாட்டுக்குச் சம்மதம்

கட்டைவிரல் நிமிர்ந்தால் ‘சரி’. முஷ்டி மூடினால் ‘வேண்டாம்’.

பாடகருக்கு இந்த இரண்டு சொல்லைப் பழக்க எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது. இரண்டாவது பக்கவாதத்தோடு பேச்சும் போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. மிச்சம் இடது கையில் ஐந்து விரல், அதுவும் முதல் பக்கவாதத்தில் அரைகுறையானது. நான் அவருடைய பிசியோதெரபிஸ்ட்.

அதற்கும் முன்னால், இருபத்தெட்டு வருடமாக அவருடைய ரசிகன். அவர் தும்மினாலும் கைதட்டுகிற ஆள் என்று என் மனைவி கேலி செய்வாள். பொய்யில்லை.

அன்று காலை அவர் மகள் தன் ஃபோனைக் கட்டில்மேல் வைத்தாள். அதில் ஒன்பது பாட்டு. அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மழைக்காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அப்பா பாடியவை. கேசட்டில் பதிந்து துணி அலமாரியில் வைத்துப் பூட்டியதோடு சரி. இப்போதுதான் கடையில் கொடுத்து ஃபோனுக்கு மாற்றியிருக்கிறாள், வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் பெயர் ஒன்று போதும், இசை நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டு ஆல்பம் போடத் தயாராக இருந்தது. அவர் சம்மதம்தான் பாக்கி.

“அப்பா வேணாம்னா வேணாம்தான் தம்பி, மறுபடியும் பூட்டி வச்சிடுவேன். அதுல அம்மா சத்தமும் இருக்கும், என்னால கேக்க முடியாது. நீங்களே போட்டுக் காட்டி, என்ன சொல்றார்னு பாத்துச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாட்டு காதில் விழக்கூடாதாம்.

அவர் இடது கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முதல் பாட்டைப் போட்டேன்.

ஐயோ, அந்தக் குரல்!

அவருடைய பாட்டெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கே மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லை இழுப்பார், எல்லாம் அத்துப்படி. மேடையில் பாடும்போது அவரிடம் ஒரு மிடுக்கு இருக்கும். இதில் அது இல்லை. வாத்தியமும் இல்லை. கட்டில் கம்பியில் விரலால் தட்டிக்கொள்கிறார். மேலே போகும்போது குரல் பிசிறுகிறது, அதை மறைக்கப் பார்க்கவில்லை. நடுவில் ஒரு பெண் இருமுகிறாள். இருமி முடிக்கும்வரை அதே சொல்லில் நின்று காத்திருந்து, பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறார். அந்த ஒரு இடத்துக்காகவே இந்த ஆல்பத்தை வாங்கலாம்.

இத்தனை வருடம் நான் கேட்டதெல்லாம் ஒத்திகைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டாவது பாட்டு தொடங்கியதும் அவர் முஷ்டி மூடியது.

சும்மா இழுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கவாதம் வந்த கை குளிருக்கும் இழுத்துக்கொள்ளும், காரணமே இல்லாமலும் இழுத்துக்கொள்ளும். விரல்களைப் பிரித்துவிட்டேன். மூடியது. பிரித்தேன். மறுபடியும் மூடியது.

முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டில் வரிக்கு வரி மனைவியின் செல்லப்பெயர் வருகிறது. அவளுக்கு மட்டும் பாடியது, ஊருக்குப் பாடியதில்லை என்று குழந்தைக்குக்கூட விளங்கும். எனக்கும் விளங்கியது. விளங்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் ‘வேண்டாம்’ என்று நான் சொன்னால் இது திரும்ப அலமாரிக்குள் போய்விடும். இன்னும் ஏழு பாட்டு இருக்கிறது. யாரும் கேட்கப்போவதில்லை. நானும்தான். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

குழாய்ச் சத்தம் நின்றது. மகள் கூடத்தைத் தாண்டி வருவது கேட்டது.

இறுகிய கையைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. நாலு விரலோடு மல்லுக்கட்டக்கூடாது. மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, முதலில் கட்டைவிரலை வெளியே எடுக்க வேண்டும். முதல் வருடம் படிக்கிறவனுக்கும் தெரிந்த விஷயம். அதைத்தான் செய்தேன். கட்டைவிரல் வெளியே வந்தது. அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்து அதை நிமிர்த்திப் பிடித்தேன்.

“சரின்னு சொல்றாருக்கா,” என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கட்டைவிரலில் முகத்தை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். இந்த வீட்டில் இரண்டு வருடமாக நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று அழுகையோடு சொன்னாள்.

நான் அழவில்லை. மனசு உறுத்தும் என்று காத்திருந்தேன். மரத்துப்போன காலில் ஊசி நுனியை வைத்து உறைக்கிறதா என்று நோயாளிகளிடம் கேட்பேன். அதுபோல என்னையே எங்கெங்கோ குத்திப் பார்த்தேன். எங்கேயும் உறைக்கவில்லை. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அழுகையில் அவள் அதைக் கவனிக்கவில்லை. எனக்கும் காதில் ஏறவில்லை.

என் பிடிக்குள் அவர் விரல்கள் மூடப் பார்த்துக்கொண்டே இருந்தன. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் நேற்றுவரை சும்மா தொட்டுக்கொண்டிருந்த விரல்கள். இப்போது என் எலும்பு வலித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனோடு வெளியே போகும்வரை நான் விடவில்லை.

பிறகு அன்றைய சிகிச்சைத் தாளை எடுத்து, கைப்பிடி பலம் என்ற கட்டத்தில் ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.