வாசப்படிப் பாடம்

"பால அடுப்புல வெச்சுட்டு எங்க பராக்குப் பாத்துட்டு நிக்கற?"

நாத்தனார் மாதம்மாள் கத்திய பிறகுதான், பால் பொங்கி வழிவதை சிவசக்தி கவனித்தாள்.

"அடக் கடவுளே! முன்னயெல்லாம் காதுக்குள்ள ஒரு குரல் ஓயாம திட்டிட்டே இருக்குமுங்க அண்ணி. மாத்திரைல அது போயிருச்சு. போறப்ப என்ற ஞாபகத்தையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

மாதம்மாள் சிரிக்கவில்லை. உள்ளறையில் தூங்கும் மூன்று வயதுப் பாப்பாவை எட்டிப் பார்த்தாள். சிவசக்தி மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து, அவள் பெற்ற பிள்ளை வாழவந்தி ஊரில் அண்ணி வீட்டில்தான் வளர்கிறது. இன்றைக்கு அண்ணி பாப்பாவோடு இங்கே வந்திருப்பது ஒரு பரீட்சைக்காக. சிவசக்தி தேறினால் பாப்பா இனி இங்கேயே இருக்கும்.

தேறுகிற லட்சணம் காலையிலேயே தெரிந்துவிட்டது.

"உப்புமாவுல ரெண்டு தடவ உப்புப் போட்டிருக்கற."

"மூணுங்க அண்ணி. மூணாவது தடவ போட்டது டீயில."

"அதான் அந்த லட்சணத்துல இருந்துச்சா!" மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "போன மாசம் ஒண்டிக்கடை பஜார்ல என்னைய யாரோன்னு தாண்டிப் போன."

"அதாவது பரவால்லீங்க. அன்னைக்குக் கடைக்காரர்கிட்டயே 'நான் என்ன வாங்க வந்தேன்'னு கேட்டேன். அவரு பாவம், கடையில இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணாத் தூக்கிக் காட்டுனாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆனா பாப்பாவ மறக்க மாட்டேனுங்க. ஒரே ஒரு நாள் விட்டுப் பாருங்க."

"பால மறக்கறவ பிள்ளைய மறக்க மாட்டியா? தம்பி எஸ்டேட்டுக்குப் போனா சாயங்காலந்தான் ஊட்டுக்கு வர்றான். உன்ன நம்பி ஒரு நிமிசங்கூட விட முடியாது அம்மிணி."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். மாதம்மாள் பதறி எழுந்தாள்.

சிவசக்தி பழக்கதோஷத்தில் நிலைப்படியைத் தொட்டாள். வாசல் தாண்டுமுன் எல்லாவற்றையும் சரிபார்க்க, மறதிக்காக ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம் அது. யார் கிளம்பினாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். "குடை எடுத்தாச்சுங்களா? பை? போன்? அப்பறம்..."

"உன்ற பாடத்த நீயே படி! எனக்கென்ன உன்னாட்டம் மறதியா?"

கண் கலங்குவது தெரியாமலிருக்க சிவசக்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் ஓடியது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பிப் போனது.

போகிற பாப்பாவுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுக்கவில்லையே என்று அழுகை வந்தது. அழுதாலும் பாடத்தை முடிக்க வேண்டும். மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். "கேஸு மூடியாச்சு. குழாய் மூடியாச்சு. மாத்திரை போட்டாச்சு."

"அம்மா..."

சிவசக்தி விறைத்துப்போனாள். போச்சு, அந்தக் குரல் திரும்பி வந்துவிட்டதா?

பயந்து பயந்து உள்ளறையை எட்டிப் பார்த்தவள், ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"அண்ணி, குடை பத்திரமா இருக்குங்களா? நொம்ப அவசரப்பட வேண்டாம், மெதுவாவே வாங்க. நீங்க மறந்துட்டுப் போன பாப்பா இப்பத்தான் தூங்கி எந்திரிச்சு என்ற மடியில உக்காந்திருக்குது!"